நீ அழித்த ஒப்பாரி

இன்று காலை கன்ரீனில் சன்னலோர மேசையைத் துடைக்கப் போனேன். மேசை முழுக்க அழிறப்பர் தூள். இசை எழுதுகிறவர் யாரோ விட்டுவிட்டுப் போயிருக்கிறார். "தட்டிவிட்டால் கை தேய்ஞ்சு போடுமோ?" என்று வாய் தானாகவே தமிழில் ஏசியது. அந்த ஏச்சு உனக்கு உரியது. எத்தனை வருடம் அதே மேசையில் அதே தூளுக்காக உன்னை ஏசியிருப்பேன்! துணியை மேசையிலேயே போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பரவாயில்லை, எழுதுகிறேன். டெனிஷில் எழுதினால் நீ என் பிழைகளைப் பார்த்துச் சிரிப்பாய், உன் டெனிஷ் என்னதைவிட மோசம் என்பதை மறந்துவிட்டு.

டென்மார்க்கின் ஓகூஸ் நகரத்து இசை மண்டபக் கன்ரீனில் நான் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்த காலத்தில் நீ வந்தாய். அயர்லாந்தின் மேற்குக் கரைக்காரி. ஒரு டெனிஷ்காரனை நம்பி வந்தவள். அவன் போய்விட்டான், நீ இருந்துவிட்டாய். வீட்டில் ஹீற்றர் போட்டால் செலவு, இங்கே சும்மா சூடு என்று சொல்லிக் காலையில் வந்து உட்கார்ந்து ஓபரா எழுதுவாய். ஓபரா என்றால் என்ன என்று நான் கேட்டேன். நீ சொல்லச் சொல்ல, இது எங்கள் கூத்துத்தானே என்று எனக்கு விளங்கிவிட்டது. சண்டை பிடிப்பதும் பாட்டு, தண்ணீர் கேட்பதும் பாட்டு. ஆனால் உன் கூத்தில் ராசாக்கள் இல்லை. மீன் தொழிற்சாலைப் பெண்கள், பிறர் துணி துவைத்த பெண்கள், பஸ் ஓட்டிய உன் அப்பா. "கதைக்க ஏலாத இடத்திலதான் பாட்டு தொடங்கும்" என்பாய். பிறகு மேசையில் தாளம் போட்டு எல்லார் பங்கையும் நீயே பாடிக் காட்டுவாய். கடவுளே, என்ன குரல் அது! சூப் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள்.

என் பெயர் உன் வாயில் நிற்கவில்லை. நான் உன்னைவிட இரண்டு வயது மூத்தவள், அதனால் 'அக்கா' என்று கூப்பிடப் பழக்கினேன். அதைமட்டும் அச்சொட்டாகச் சொன்னாய், மற்றப் பேச்செல்லாம் எங்கள் அரைகுறை டெனிஷில்தான்.

யுத்தம் முடிந்த அந்த மே மாதத்தில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், இங்கே ஹ்விடோவ்ரே என்ற ஊரில் இருக்கும் மச்சாள் ஃபோன் எடுத்தாள். வன்னியில் இருந்த என் பெரியண்ணை இல்லையாம், கண்டவர்கள் சொன்னார்களாம். நான் கிழங்குப் பெட்டிகள் அடுக்கியிருந்த அறைக்குள் போய் நிலத்தில் விழுந்தேன். எனக்கு ஒப்பாரி சொல்லத் தெரியாது, ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அன்றைக்கு அது தானாக வந்தது. "என்ர கூடப் பிறந்த ராசாவே, எந்த மண்ணில கிடக்கிறாய்" என்று தொடங்கி ஐந்தாறு வரி, திரும்பத் திரும்ப. என்னோடு வேலை செய்த டெனிஷ் பிள்ளைகள் பயந்து போய் ஒரு கோப்பை தண்ணீரை வாசலில் வைத்துவிட்டு மெதுவாகக் கதவைச் சாத்தினார்கள். அவர்கள் மரியாதை அப்படி.

நீ கதவைத் திறந்துகொண்டு வந்தாய். நிலத்தில் என்னோடு இருந்து, என் கழுத்தைக் கட்டிப் பிடித்து, தலையோடு தலை வைத்து அழுதாய். செத்தவீட்டில் எங்கள் பெண்கள் அழுவது அப்படித்தான். உனக்கு யார் சொல்லித் தந்தது?

அதை நீ பிறகு சொன்னாய். உங்கள் ஊரிலும் செத்தவீடுகளில் பெண்கள் பாடி அழுதார்களாம். பாதிரிமார் அதை நிறுத்திவிட்டார்களாம். உன் வாழ்நாள் முழுக்க அதைப் பற்றிப் படித்திருக்கிறாய், ஒருமுறைகூட நேரே கேட்டதில்லை. "முதல்தரம் உன்னட்டத்தான் கேட்டனான் அக்கா" என்றாய். இரண்டு கிழமை கழித்துத் தாள்களோடு வந்து, கண்ணைப் பார்க்காமல் கேட்டாய்: "உன்ர ஒப்பாரியை என்ர ஓபராவில வைக்கட்டோ?"

அப்போது நீ எழுதிக்கொண்டிருந்தது, புயலுக்குப் பிறகு கரையில் நின்று கணவனின் படகைத் தேடும் ஒரு பெண்ணின் கதை. மூன்றாம் அங்கத்தில் அவள் வாய் திறந்து அழவேண்டும். மூன்று வருடமாக அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. நான் ஓம் என்றேன். அண்ணைக்குச் சாம்பலும் இல்லை, எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் இல்லை. ஒரு மேடையிலாவது அவருக்காக யாராவது அழட்டும் என்று நினைத்தேன். பிரதான பாடகி, உயரமான டெனிஷ் பெண், வேலை முடிந்ததும் கன்ரீனுக்கு வந்து என்னிடம் தமிழ் வரிகளைப் பாடமாக்கினாள். 'ராசாவே' அவளுக்குச் சரியாக வர ஒரு கிழமை பிடித்தது.

ஆவணியில் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா ஃபோன் எடுத்தா. வவுனியா முகாமில் பெரியண்ணையைப்போல ஒருவரைக் கண்டதாக யாரோ சொன்னார்களாம். நான் அவசரப்பட்டு அந்தப் பாட்டைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அம்மா ஃபோனில் கத்தினா.

"எடி, உயிரோட இருக்கிறவனுக்கு ஆரும் ஒப்பாரி வைப்பினமோ? அவன்ர ஆயுள் குறைஞ்சு போடும். உடன நிப்பாட்டு!"

"அவர்தான் எண்டு நிச்சயமில்லையே அம்மா."

"நிச்சயமில்லாட்டி அழாத!"

முதல் நாள் மேடையேற மூன்று கிழமைதான் இருந்தது. உன்னிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் துணிவு வரவில்லை. இது என்ன மூடநம்பிக்கை என்று நீ கேட்பாய் என்று பயந்தேன். படித்தவர்கள் முன்னால் எனக்கு வெட்கமாகவும் இருந்தது. ஆனால் நெஞ்சுக்குள் ஒரே எண்ணம்தான். பாடகி மேடையில் பாட, அங்கே அண்ணைக்கு ஏதும் நடந்தால்?

மூன்றாம் நாள் சொன்னேன். நான் பயந்த கேள்வியை நீ கேட்கவில்லை. "ஒரு கெட்ட வார்த்தை சொல்லட்டோ?" என்றாய். உன் பாஷையில் ஒன்று சொன்னாய், நீளமான ஒன்று. பிறகு பாடகியிடமும் வாத்தியக்காரர்களிடமும் கொடுத்த அந்தப் பாட்டின் பிரதிகளையெல்லாம் திருப்பி வாங்கிக் கிழித்தாய். பென்சிலால் எழுதிய மூலப் பிரதியை மேசையில் விரித்து அழிறப்பரை எடுத்தாய்.

"இதையும் கிழிச்சுப் போடன், சுகமா முடிஞ்சிடும்" என்றேன்.

"இந்தத் தாளில மற்றப் பாட்டும் கிடக்கு. பொறு, ஒண்டும் மிஞ்சாமல் அழிக்கிறன்."

ஒரு பின்னேரம் முழுக்க அழித்தாய். நெறியாளர் வந்து சத்தம் போட்டார், உனக்குப் பைத்தியம் என்றார். நீ தலை நிமிரவில்லை. முடித்த பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாய்: "சரி, அழாமல் காத்திருக்கிற நேரம் நீங்கள் என்ன செய்வியள்?"

"என்ன செய்யிறது? சமைப்பம்."

அப்படித்தான் உன் கரைப்பெண் மூன்றாம் அங்கத்தில் அழாமல் மேசையில் சாப்பாட்டுக் கோப்பை வைத்து, கடலைப் பார்த்து, சாப்பாடு ஆறுகிறது வா என்று கோபமாகக் கூப்பிட்டாள். நான் முன்வரிசையில் இருந்து கண்ணீர் விட்டேன். அடுத்த நாள் பத்திரிகையில் ஒருவர் மூன்றாம் அங்கம் நொண்டுகிறது என்று எழுதினார். நீ வாசித்துச் சிரித்தாய். அது உனக்கு வலித்தது, எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு இரண்டு வருடம் உனக்குப் பெரிய வேலை ஒன்றும் வரவில்லை. அதைப் பற்றி ஒரு சொல் என்னிடம் சொன்னதில்லை நீ.

மார்கழியில் அண்ணையே ஃபோன் எடுத்தார். ஒரு கால் இல்லை, உயிர் இருந்தது. நான் மேலங்கிகூடப் போடாமல் பனியில் உன் வீட்டுக்கு ஓடி வந்தேன். என்னைப் பிடித்துச் சுற்றி ஆடிவிட்டு நீ மூச்சிரைக்க நின்றபோது சொன்னேன், இனி அந்தப் பாட்டை எடு, அண்ணை தப்பிவிட்டார், எனக்கு இனிப் பயமில்லை என்று. நீ என்னை முறைத்தாய். "அவர் நூறு வயசு இருக்கட்டும். அது அவர்ர பாட்டு. எனக்கு வேண்டாம்."

அண்ணைக்கு இந்தக் கதை பெருமை. தனக்காக ஒரு வெள்ளைக்காரி நாடகத்தையே அழித்தாள் என்று கிளிநொச்சியில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தார். ஃபோன் எடுக்கும்போதெல்லாம், "அந்த ஐரிஷ் பிள்ளை சுகமோ?" என்பதுதான் முதல் கேள்வி. கடைசி வருடம் அந்தக் கேள்விக்கு நான் பொய் சொன்னேன். நீ ஆஸ்பத்திரியில் என் சூப்பை இரண்டு கரண்டிக்கு மேல் குடிக்கமுடியாமல் இருந்தாய்.

உன்னை அடக்கம் செய்யும் நாள் காலையில் அண்ணைக்கு உண்மையைச் சொன்னேன்.

"என்ர பாட்டு உன்னட்டச் சும்மாதானே கிடக்கு, தங்கச்சி. அதை அவவுக்குக் குடு."

"அது உங்களுக்கு வந்த பாட்டு அண்ணை."

"நான் சாகேக்க நீ வேற ஒண்டு கட்டு. கொஞ்சம் நல்லதாக் கட்டு."

தேவாலயத்தில் எல்லாரும் சத்தமில்லாமல் இருந்தார்கள். மெழுகுதிரி, வெள்ளைப் பூ, கைக்குட்டை. நான் எழுந்து உன் பெட்டியடியில் போய் நின்று தொடங்கினேன். பாதிரியார் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மூன்றாவது வரியில் பின்னாலிருந்து இன்னொரு குரல் சேர்ந்தது. அந்த உயரமான பாடகி, தலை நரைத்துப் போயிருந்தாள். ஒருநாளும் மேடையில் பாடாத அந்த வரிகளை அத்தனை வருடம் கழித்து ஒரு எழுத்துப் பிசகாமல் பாடினாள். அவள் 'ராசாவே' என்றுதான் பாடினாள், பாவம், அவளுக்குச் சொல்லித்தந்தது அதுதானே. அவளைக் கட்டிப் பிடித்து, தலையோடு தலை வைத்து, நான் சத்தம் போட்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணை எடுத்தார். எல்லாவற்றையும் கேட்டார். ஆம்பிளைக்கு வைத்த ஒப்பாரியை எப்படிப் பாடினாய் என்று கேட்டார்.

"ராசாவே எண்டதை ராசாத்தி எண்டு மாத்தினன்."

"கூடப் பிறந்த எண்டதை?"

"அதை மாத்தேல்லை, அண்ணை."