தொட்டிலுக்கு முந்தைய ஆர்டர்

ஜூன் 11, 2019. செவ்வாய்

இன்று ஒரு மிக்ஸி வந்தது. ஏற்கெனவே இரண்டு இருக்கிறது. பெட்டியைப் பிரிக்கிற ஐந்து நிமிடம் நெஞ்சு லேசாக இருக்கும். அப்புறம் பழையபடிதான்.

மாமியார் பார்த்துக்கொண்டே இருந்தார். "வாங்கு, வாங்கு. அன்னிக்கு ஒரு தொட்டில வாங்கித்தான் வவுத்துல இருந்தத வாரிக் குட்த்த. இன்னும் அடங்கலியா?"

பிறப்பதற்கு முன்னால் பிள்ளைக்கு எதுவும் வாங்கக்கூடாது. மாமியாரின் ஊரான வெதுருகுப்பத்தில் யாருக்குத்தான் தெரியாது? எனக்கும் தெரியும். ஏழாம் மாதத்தில் போனில் அந்தத் தொட்டிலைப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை, வாங்கிவிட்டேன். அக்டோபரில் மகள் உயிரில்லாமல் பிறந்தாள்.

என் வீட்டுக்காரர் ஹரிபாபு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். போனில் துப்பாக்கி விளையாட்டு.

ஜூன் 14

அவர் லாட்ஜ் வேலை முடிந்து வந்தால் சட்டைகூட மாற்றுவதில்லை. சோறு போட்டால் வலது கையில் சோறு, இடது கையில் போன்.

"இன்னாங்க, ஒரு வார்த்த பேசுங்க."

"இரு யமுனா, ஆட்டத்துல செத்துடுவேன்."

நானும் போனை எடுத்தேன். ஆறு திரைச்சீலை ஆர்டர் போட்டேன். எங்கள் வீட்டுக்கு ஜன்னல் ஒன்றுதான்.

ஜூன் 15

அவரும் என்னைத்தான் குற்றவாளி என்று நினைக்கிறாரா? கேட்கப் பயம். ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

ஜூன் 19



ஆர்டர் போடுவதெல்லாம் அவர் நம்பரில்தான், எங்கள் இரண்டு போனிலும் ஒரே கணக்கு. தொட்டில் வாங்கிய தேதியைப் பார்க்கப் பழைய பட்டியலுக்குப் போனேன். எதற்குப் பார்க்கிறேன்? புண்ணைச் சொறியத்தான். ஆகஸ்ட் 21, தொட்டில். அதற்குக் கீழே, ஆகஸ்ட் 3 — கைக்குழந்தைக்குச் சிவப்பு ஷூ. அனுப்பிய இடம், திருச்சானூரில் அவர் வேலை பார்க்கும் லாட்ஜ்.

எனக்கு முன்னாடியே வாங்கிக் கீறாரு! எட்டு மாசமா நான் பேச்சு வாங்கறேன், பக்கத்துலயே உக்காந்துக்கினு பாத்துக்கினு கீறாரு!

அவர் வந்ததும் முகத்துக்கு நேரே போனை நீட்டினேன். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நாந்தான் கொன்னுட்டேன்னு நெனச்சிக்கினு கீறேன் யமுனா. அம்மாகிட்ட சொல்ல பயம்."

"அப்ப நான் பட்டது?"

நாளைக்குள் அவர் அம்மாவிடம் சொல்லாவிட்டால் சித்தூருக்கு, எங்கள் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டேன். மிரட்டல் இல்லை, நிஜம்.

ஜூன் 20

காலையில் சொன்னார். நான் பையைக் கட்டி வாசலில் வைத்திருந்தேன்.

மாமியார் மகன் தோளில் கை வைத்தார். "வுடு நைனா. அதெல்லாம் அந்தக் காலத்துப் பேச்சு. நீ இன்னா பண்ணுவ?"

எட்டு மாதமாக எனக்குச் சட்டம், மகன் என்றதும் அந்தக் காலத்துப் பேச்சா!

அவரே எழுந்தார். "அப்ப அவளுக்கும் அதானேமா? இத்தினி நாளு அவள ஏன் துன்னுக்கினு இருந்த? நானும் வாய மூடிக்கினு..." அழுதார். அவர் அழுது இன்றுதான் பார்க்கிறேன்.

மாமியார் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஜூன் 23, ஞாயிறு

நிலத்தில் மல்லாட்டைக் கடலை விதைக்க வேண்டும் என்று மாமியார் வெதுருகுப்பத்துக்குப் போய்விட்டார். நான் சித்தூருக்குப் போகவில்லை. பையை இன்னும் பிரிக்கவும் இல்லை.

மத்தியானம் அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று ஆஸ்பத்திரியில் பிள்ளையை என் கண்ணில் காட்டவில்லை. தாய் பார்க்கக்கூடாது என்று ஆண்களே எடுத்துப்போய்ப் புதைத்தார்கள். கையில் ஏந்திக்கொண்டு போனவர் இவர். இத்தனை நாள் நான் கேட்டதில்லை. இன்று கேட்டேன்.

"யாரு மாதிரி இருந்தா?"

"முடி நெறைய யமுனா. நெத்தி வரைக்கும் இருந்துச்சி. மூக்கு உன்னுது."

இருட்டும் வரை அவளைப் பற்றியே பேசினோம்.