முன்மொழிய ஓர் ஆள்

தை 14, திங்கள்
எழுந்ததும் மோட்டார் போட்டேன். மாடித் தொட்டி நிரம்பி வழியும்வரை படியிலேயே உட்கார்ந்திருந்தேன். நல்ல பனி. வீட்டுக்காரர் ஆடி மாதத்திலிருந்து மத்தியப் பிரதேசத்தில், போர்க்கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு. பையன் ஹாஸ்டலில். டி.வி.க்கு உறை தைக்க வேண்டும்.

வாசல் கூட்டும் பாவாயி வெயில் ஏறித்தான் வந்தாள். காலனிக் கிணறு வற்றிவிட்டதாம். ஓடையில் ஊற்றுத் தோண்டி, குடம் நிறையும்வரை காத்திருந்தாளாம். நாங்கள் போர் போட்ட பிறகுதான் வற்றியது. அதை அவள் சொல்லவில்லை. நானும் பேச்சை மாற்றிவிட்டேன்.

தை 15, செவ்வாய்
பஞ்சாயத்துத் தேர்தலைக் கோயிலிலேயே பேசி முடித்துவிட்டார்கள். போட்டி கூடாது. தலைவர், வீட்டுக்காரருடைய அண்ணன். வார்டு மெம்பர்களும் அண்ணன் சொன்ன ஆட்கள். பெண்கள் யாரும் போகவில்லை. காலனி ஆட்கள் மதிலுக்கு வெளியே. ஓரகத்தி அக்கா கேசரி கொடுத்தனுப்பினாள். மிச்சம் நிறைய. தனியாக எவ்வளவுதான் தின்பது.

நான் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவள். ஊருக்குள் ரிக் பணம் வந்தால் எல்லோருக்கும் நல்லது என்று நம்பினேன். எங்களுக்கு மாடி வந்தது.

தை 16, புதன்
பாவாயி கூட்டி முடித்தும் போகவில்லை. எங்கள் வார்டுக்கு நிற்கப் போகிறாளாம். முன்மொழிய அதே வார்டில் ஓட்டுள்ள ஒருவர் வேண்டும், ஆள் இல்லை. கையெழுத்துப் போட்டால் தோட்டங்காட்டுக் கூலி வேலை போய்விடும் என்று காலனியில் எல்லோருக்கும் பயம்.

ஜெயித்து என்ன பண்ணுவாய் என்று கேட்டேன்.

"தண்ணி கேப்பனுங்க சாமி. இப்பவுந்தான் கேக்கறன், ஊடு ஊடா வாசல்ல நின்னுக்கிட்டு. அங்க உக்காந்து கேக்கோணும்."

என்னைக் கையெழுத்துக் கேட்கவில்லை. விளக்குமாற்றைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்காரருடைய அண்ணன் வந்தார். வழக்கம்போல் கதவோரம் நின்றேன். அவர் எதிரில் உட்கார்ந்ததே இல்லை.

"உங்கூட்டு வாசக் கூட்டறவ மெம்பராகப் போறாளாமா அம்மிணி. கையெழுத்துப் போட ஈ காக்கா வராது, பாத்துக்க."

காப்பியைக் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

தை 17, வியாழன்
காற்று. துணி கொடியிலிருந்து பறந்துவிட்டது.

ட்ரங்க் கால். லைன் சரியில்லை. தீபாவளிக்குப் பிறகு இப்போதுதான் அவர் குரல். அண்ணன் சொல்கிறபடி கேள் என்றார். பாவாயி நிற்பதைச் சொல்ல ஆரம்பித்தேன். கம்ப்ரஸர் ரிப்பேர் பற்றிச் சொன்னார். கட்டாகிவிட்டது.

நாளையோடு மனுத் தாக்கல் முடிகிறது. பாவாயி எப்படியும் யூனியன் ஆபீசுக்குப் போய்ப் பார்ப்பாள். அதே வார்டில்தான் எனக்கும் ஓட்டு. நாளை தை வெள்ளி; கோயிலுக்கு வரவில்லை, தலைவலி என்று அக்காவுக்குச் சொல்லி அனுப்பியாயிற்று. பாவாயிக்கும் சொல்லவில்லை. காலையில் முதல் பஸ்ஸில் போய் அவளுக்காகக் கையெழுத்துப் போடப்போகிறேன்.