பலூன் பாய்க்கு அளவு

ஜன. 6, செவ்வாய்
காலையிலிருந்து வாடைக்காற்று. துணி காயவில்லை. புதுச்சேரியிலிருந்து பாய் தைப்பவர் போன். எங்கள் பாய்ப்படகுக்கு எந்த ஸ்பின்னக்கர் என்று இன்னும் சொல்லவில்லையாம். பின்காற்றில் முன்னால் பலூன் மாதிரி உப்பும் பாய். இரண்டு வகை. கோல் கொடுத்துக் கட்டுவது பெரியது, இரண்டு ஆள் வேண்டும். கோல் இல்லாதது சின்னது, மேலிருந்து உறையை இழுத்து மூடி ஒற்றை ஆளே இறக்கலாம். எனக்குச் சின்னதுதான். என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம், இடது கை சரியாக நீளாது.

"பெருசுதான். நாகப்பட்டினம் வரிக்கும் வாடையில ஜம்முனு போலாம். நான் இன்னா நொண்டியா?" என்றார் இவர்.

அளந்துவிட்டுச் சொல்வதாகப் பாய்க்காரரிடம் சொல்லி வைத்தேன்.

வாங்க: பிரஷர் மாத்திரை, பூண்டு, தைலம்.

ஜன. 8, வியாழன்
செங்கல்பட்டு, கைப்பயிற்சி. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பயிற்சி தரும் பெண் என்னிடம்: "இதுக்கு மேல நீளாதுக்கா. இருக்கிறத காப்பாத்திக்கணும்." இவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலை, சவுக்குத் தோப்பு ஓரம் நிற்கும் படகில் பாய்மரத்தை அளந்தார். டேப்பைத் தொடமாட்டார். மீன்பிடிக் குடும்பம், வலையோ கயிறோ பாகம் போட்டுத்தான் அளப்பார்கள். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், ஆறு அடி. உச்சிவரை கயிறு ஏற்றி, இறக்கி, அளந்தார். வலது கை முழுசாகப் போனது. இடது கை முக்காலில் நின்றது, ஒவ்வொரு முறையும்.

"ஏழு பாகம். நாப்பத்திரண்டு அடி. எழுதிக்க."

"போன வருஷம் ஆறுன்னு சொன்னீங்களே?"

"அப்ப தப்பா எண்ணிகீறேன்."

எழுதிக்கொண்டேன். பாய்மரம் வளருமா. கோழை நான்.

ஜன. 9, வெள்ளி
மூட்டம். மீன் வரவில்லை. மதியம் இவர் தூங்கும்போது அதே கயிற்றை டேப் வைத்து அளந்தேன். முப்பத்தாறு. கை நீளாத குறைக்குத்தான் ஒரு பாகம் கூடியிருக்கிறது. நாற்பத்திரண்டுக்குத் தைத்தால் பாயின் அடி தண்ணீரில் இழுபடும், படகு சாயும். நடுக்கடலில் இவர், ஒற்றைக் கையோடு. முப்பத்தாறு, சின்ன வகை என்று பாய்க்காரருக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். இட்லி மாவு புளித்துவிட்டது.

ஜன. 10, சனி
நாஸ்தா நேரம். பாய்க்காரர் இவர் போனுக்கே கூப்பிட்டார். ஸ்பீக்கர்.

"முப்பத்தாறு அடி, ஒத்த ஆளு பாய். சரிதானே அண்ணே?"

இவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"என் சம்சாரம் தப்பா எழுதிட்டா. நாப்பத்திரண்டு. பெருசு." போனை என்னிடம் நீட்டினார். "சொல்லு, கலா." கெஞ்சுகிற குரல்.

"ஆமாங்க," என்றேன். "நான்தான் தப்பா எழுதிட்டேன்."

இன்றே துணியை வெட்டுகிறார்களாம்.