மாடு கட்டாமல் கரையேறிய வண்டி

என்னங்க,

இருந்தவரைக்கும் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். இப்போதும் பெயரைச் சொல்லி எழுதக் கை வரவில்லை. எங்கே இருந்தாலும் இந்த ஒரு சொல்லுக்குத் திரும்பிப் பார்ப்பீர்கள், அது போதும்.

சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். வண்டி ஏறிவிட்டது! இந்தத் தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவில், பிடாகத்து மணலிலிருந்து, மாடு கட்டாமல், கயிறு கட்டாமல், ஒருத்தர் கூடக் கை வைத்துத் தள்ளாமல், நம் வண்டி தானாகக் கரையேறித் தார் ரோட்டில் வந்து நின்றது. நீங்கள் பார்க்க ஆசைப்பட்டு, ஒரு வருஷம் கூடப் பார்க்காமல் போன காட்சி. அதைச் சொல்லத்தான் ஐந்தாவதோடு நின்ற என் கோணல் எழுத்தில் இந்தக் கடிதம்.

சண்டை முடிந்து பட்டாளத்துக்காரர்கள் ஏலம் போட்ட ஆம்புலன்ஸை நீங்கள் ஓட்டி வந்து நிறுத்திய நாள் நினைவிருக்கிறதா? அடிபட்ட சிப்பாய்களைப் படுக்க வைக்கும் பலகைகள் உள்ளே அப்படியே இருந்தன. ஒரு பலகையில் நீங்களும் நம் பையன் கோவிந்தனும், மறு பலகையில் நானும் நம் பெண் சின்னவளும். பின்கதவைத் திறந்து வைத்தால் மிட்டாய்க்கடை, மூடினால் வீடு. மயிலத்துப் பங்குனி உத்திரம், மேல்மலையனூர் அமாவாசை, திருவண்ணாமலை தீபம் என்று நாம் போகாத திருவிழா எது? விழுப்புரத்து வாடகை வீட்டில் இருந்த நாளைவிட அந்தப் பலகையில் தூங்கிய நாள்தான் எனக்கு அதிகம்.

ஆனால் அந்தப் பெட்ரோல் இஞ்சினுக்கும் ஆற்று மணலுக்கும் என்ன பகையோ! ஒவ்வொரு தை ஐந்தும் இறங்கும்போது ராஜா மாதிரி இறங்கும். ஏறும்போது பாதியில் புதைந்துகொள்ளும். நீங்கள் தூரத்திலிருந்து வேகமாக ஓட்டி வந்து மோதிப் பார்ப்பீர்கள். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, உங்கள் தம்பி சபாபதியிடம் மாடு கேட்கப் போவீர்கள். அவரும் கொடுப்பார். கொடுத்துவிட்டு, ஊரே கேட்க, "எங்கண்ணன் மாட்டு வண்டிக்கு மேல கூரை போட்டு வச்சிருக்காரு" என்று சிரிப்பார். நீங்களும் சிரிப்பீர்கள். அன்று ராத்திரி மட்டும் சாப்பிட மாட்டீர்கள். எனக்குத் தெரியாதா?

நீங்கள் போன கொஞ்ச நாளில் இஞ்சினும் போய்விட்டது. மயிலம் திரும்பும் இடத்தில் பெரிய சத்தம், அப்புறம் புகை, அப்புறம் ஒன்றுமில்லை. இழுத்துக்கொண்டுபோய்த் திண்டிவனத்தில் காதர் பாய் பட்டறையில் போட்டோம். பாய் திறந்து பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கினார். "இதுக்கு மேல இதுல ஒண்ணும் இல்லம்மா. டீசல் மாத்துங்க, இல்லாட்டி வித்துடுங்க."

விற்கத்தான் எல்லாரும் சொன்னார்கள். பழைய இரும்புக்கு எடுத்துக்கொள்ளச் சபாபதி தயாராக இருந்தார். கோவிந்தனுக்கும் பாதி மனசு. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்னக் கடை பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம் என்றான். ஒரு நாள் சொந்தக்காரர்கள் எல்லாம் கூடத்தில் உட்கார்ந்து என்னை ஒரு மூலையில் வைத்துப் பேசினார்கள்.

"தாலி எறங்கின பொம்பள, இனிமே திருவிழா திருவிழாவா ரோட்டுல சுத்திக்கினு இருக்கறதா அண்ணி? நல்லா இருக்குமா?" என்று சபாபதி கேட்டார்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ. "டீசல் இஞ்சின் போடறேன் தம்பி. தை அஞ்சுக்கு ஆத்துல எறக்கறேன். மாடு கட்டாம ஏறலன்னா, அங்கியே மணல்லயே சாவியக் குடுத்துடறேன். இரும்புக்கு எடுத்துக்கோ" என்றேன்.

சபாபதி உடனே, "வாக்கு மாறக் கூடாது" என்றார். "மாறினா உன் அண்ணன் பொண்டாட்டி இல்ல நானு" என்றேன். பணம் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். ஒருத்தரிடமும் கைநீட்டவில்லை.

மறுநாளே கோவிந்தனோடு திண்டிவனம் பஸ் ஏறினேன். பட்டறையில் ஒரு பொம்பளை வந்து நின்றதும் வேலை செய்த பையன்கள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்கள். பாய் ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டு, கலர் சோடா வாங்கி வரச் சொன்னார். நான் உட்காரவில்லை. பொண்ணு பார்க்க வந்தவள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தால் ஆகுமா?

பாயிடம் இஞ்சினும் கியர் பாக்ஸுமாக இரண்டு ஜோடி இருந்தன. ஒன்று, மரத்தில் மோதி நசுங்கிய பஸ்ஸின் இஞ்சின், அதன் கியர் பாக்ஸோடு. ஆறு சிலிண்டர். பார்க்கவே யானைக்குட்டி மாதிரி. இன்னொன்று, மயிலத்துப் பக்கம் கல் குவாரியில் ஓடிய லாரியினுடையது. நாலு சிலிண்டர். கேபின் கூரை மட்டும் நொறுங்கிப்போய், மற்றபடி சக்கரத்தோடு அப்படியே நின்றுகொண்டிருந்தது.

பாய் பஸ் இஞ்சினைத் தட்டிக் கொடுத்தார். "இத போடுங்கம்மா. மெட்ராஸுக்கு ஜல்தியா போய்ச் சேரலாம். ஒரு வண்டி முந்தாது."

கோவிந்தன் முகம் மலர்ந்துவிட்டது. உங்கள் பிள்ளைதானே!

"எங்க வண்டிக்குள்ள இது அடங்குமா பாய்?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் நீளம் ஜாஸ்தி. டிரைவர் சீட்டப் பின்னால தள்ளணும். அதுக்குப் பின்னால ரெண்டு பலகை இருக்குதில்ல, அதுல பாதிய அறுத்துட்டா போதும்."

பாதியை அறுப்பதாம்! சின்னவளுக்கு அம்மை போட்டபோது வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்த பலகை அது. நீங்கள் கடைசியாகக் காய்ச்சலோடு படுத்து, "கூட்டம் எப்படி?" என்று கேட்டுக்கொண்டே வந்த பலகை. "அறுக்கற பேச்சே வேணாம்" என்றேன்.

கோவிந்தனுக்கு ஒரு யோசனை வந்தது. "அப்போ அந்த லாரி இஞ்சின மட்டும் எடுத்துக்கினு, கியர் பாக்ஸு அப்பாவோடதே இருக்கட்டுமே. அப்பா கை பட்ட கியரு யம்மா."

அதைக் கேட்டு நான் ஒரு நிமிஷம் இளகிப்போனேன், மறைக்க மாட்டேன். ஆனால் பாய் உடனே தலையை ஆட்டினார். "டீசலு இழுக்கிற இழுப்பு வேற தம்பி. அந்தப் பழைய பல்லு தாங்காது. ரெண்டும் ஒரே வீட்டுலேர்ந்து வந்தாத்தான் குடித்தனம் நடக்கும்." அதில் நியாயம் இருந்தது. ஆனாலும் கல் லாரியின் பக்கம் அவருக்கு மனசில்லை. "அதுல முதல் கியர் போட்டா, நத்தை முந்திக்கினு போவும்மா. ரோட்டுல பேஜாராயிடும். உங்களுக்கே வெறுத்துப்போகும்."

நத்தை என்றதும் எனக்குப் பளிச்சென்றது. இத்தனை வருஷமாக ஆற்றில் நம்மை இழுத்துக் கரையேற்றியது எது? மாடு. மாடு என்றைக்காவது மணலில் ஓடியிருக்கிறதா? ஒரு கால் ஊன்றி, அது நின்ற பிறகுதான் அடுத்த காலை எடுத்து வைக்கும். ஓடினது எல்லாம் நாம்தான். புதைந்ததும் நாம்தான்.

"பாய், அந்த லாரிய ஸ்டார்ட் பண்ணுங்க. முதல் கியர் போட்டு என் பின்னாலயே வாங்க. ஆக்ஸிலேட்டர மிதிக்காதீங்க."

"உங்க பின்னாலயா?"

"நான் முன்னால நடக்கறேன்."

பட்டறைக்குப் பின்னால் உழுது போட்ட கொல்லை. நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டி மண்ணில் நடந்தேன். பின்னால் கடகட என்று லாரி வந்தது. நான் என் நடையில்தான் போனேன், மிட்டாய்த் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் நடக்கும் நடை. அது என்னை முந்தவில்லை, நிற்கவும் இல்லை. வரப்பு வந்தது. நான் ஏறினேன். அதுவும் ஏறியது. திரும்பிப் பார்த்து, "இதுதான் பாய்" என்றேன்.

பாய் இறங்கி வந்து தாடியைச் சொறிந்தார். "மொதலாளி இருந்திருந்தா பஸ்ஸு இஞ்சினத்தான் எடுத்திருப்பாரு." "ஆமா. எடுத்துட்டுத் தம்பிகிட்ட மாடு கேட்டிருப்பாரு" என்றேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், உண்மைதானே?

பொங்கலுக்கு முன்னால் வண்டி வீட்டு வாசலுக்கு வந்தது. பலகைகள் பத்திரம். சத்தம்தான் ஊரைக் கூட்டியது. பேத்தி பவானி காதைப் பொத்திக்கொண்டு, "ஆயா, வண்டிக்கு இருமலா?" என்று கேட்டாள். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வருவதற்குள் எத்தனை பஸ் முந்திக்கொண்டு போனது என்று கோவிந்தன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. போகட்டும், பஸ்ஸுக்கு அவசரம்.

தை ஐந்து வந்தது. வழக்கம்போல எல்லா ஊர்ச் சாமியும் ஆற்றுக்கு வந்தன. கரும்பு, சுருளிக்கிழங்கு, ராட்டினம் என்று ஒரே கூட்டம். வேர்க்கடலை வறுத்துப் பிடித்த மல்லாட்டை உருண்டை மத்தியானத்துக்குள் தீர்ந்துபோனது. இந்த ஆற்றில்தானே உங்கள் சாம்பலைக் கரைத்தோம். தண்ணீர் ஓரம் போய் நின்று உங்களிடம் ஒன்று கேட்டேன். என்ன கேட்டேன் என்று உங்களுக்குத் தெரியும்.

சாயங்காலம் சாமிகள் திரும்பின. கரைமேல் சபாபதி இரண்டு ஜோடி மாட்டோடு நின்றார். வடக்கயிறு கூடத் தயாராகத் தோளில் கிடந்தது. சுற்றிலும் நம் ஊர் ஆட்கள், பந்தயம் பார்க்க வந்தவர்கள் மாதிரி.

கோவிந்தன் வண்டியை எடுத்தான். என்ன செய்தான் தெரியுமா? நீங்கள் செய்வதையே செய்தான். தூரத்துக்குப் பின்னால் கொண்டுபோய், இரண்டாவது கியரில் முழுசாக மிதித்துக்கொண்டு ஓட்டி வந்து ஏற்றத்தில் மோதினான். பாதி தூரம். அப்புறம் பின்சக்கரம் மணலை வாரி இறைத்தது. வண்டி குந்திக்கொண்டது.

"மாட்டப் பூட்டுப்பா!" என்று யாரோ கத்தினார்கள். ஒரே சிரிப்பு. சபாபதி கயிற்றைத் தோளிலிருந்து இறக்கினார். நான் போய்க் கதவைத் திறந்தேன்.

"கால எடுடா."

"அப்பா இப்டித்தான் யம்மா..."

"அது உங்கப்பா வண்டி. இது வேற வண்டி. வந்த தடத்துலயே பின்னால வுடு. முதல் கியர் போடு. என் முதுகப் பாத்துக்கினே வா. முந்தாத, நிக்காத."

"நீ வுழுந்துட்டா?"

"வுழுந்தா ஏத்திக்கினு போ!"

கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. நான் முன்னால் நடந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டேன், மணல் குளிர்ந்திருந்தது. பின்னால் கடகட. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவன் கால் பதறிவிடும், எனக்கும் பதறிவிடும். ஏற்றம் செங்குத்தாகும் இடத்தில் சத்தம் தாழ்ந்து, தாழ்ந்து, இதோ நின்றுவிடும் என்றானது. நானும் நடையைக் குறைத்தேன். ஒரு அடி. இன்னொரு அடி. முதுகில் வண்டியின் சூடு பட்டது. விட்டு விலகவே இல்லை அந்தச் சூடு. சாமி புறப்பாட்டுக்குத் தீவட்டிக்காரர் முன்னால் போவாரே, அப்படிப் போனேன் நான்.

திடீரென்று காலுக்குக் கீழே மணல் இல்லை. கெட்டியாக இருந்தது. தார் ரோடு.

அப்போதுதான் திரும்பினேன். கோவிந்தன் ஸ்டீரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுகிறான். கூட்டம் விசில் அடிக்கிறது. மேளக்காரர் ஒருவர் யாரும் கேட்காமலே அடிக்க ஆரம்பித்துவிட்டார். பவானி பின்கதவிலிருந்து குதித்து ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள்.

சபாபதி கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வந்தார். "ஓட்டியாந்த மாட்ட வேலை இல்லாம பண்ணிட்டீங்களே அண்ணி."

"வேலை இருக்குதே தம்பி. அங்க பாரு."

கீழே மணலில், கரும்பு ஏற்ற இறங்கிய அவருடைய சொந்த லாரி அச்சு வரைக்கும் புதைந்து கிடந்தது. கூட்டம் சிரித்த சிரிப்பு உங்களுக்குக் கேட்டிருக்க வேண்டும்! அவரும் சிரித்துவிட்டார், நல்ல மனிதர்தான். மாட்டை ஓட்டிக்கொண்டு இறங்கினவர், பாதியில் நின்று மெதுவாகக் கேட்டார்: "அண்ணி, அந்த மாதிரி கல் லாரி கியர் பாக்ஸு பாய்கிட்ட இன்னொண்ணு இருக்குமா?"

"கேட்டுச் சொல்றேன்" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? நீங்கள் மாடு கேட்கப் போகும்போது அவர் ஊரே கேட்கச் சொல்வாரே, அதே மாதிரி.

சாவி என் இடுப்பில் இருக்கிறது. இனி அது அங்கேதான். அன்றைக்கு ராத்திரி உங்கள் பலகையில் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன், உங்களுக்கும் சேர்த்து. நான் முன்னால் நடந்தபோது முதுகில் பட்டது வண்டியின் சூடு மட்டும்தானா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மாசியில் மேல்மலையனூர் போகிறோம். அடுத்த தை ஐந்துக்கு உங்களைப் பார்க்க ஆற்றில் இறங்குவேன். இது சத்தியம். என் காலில் நடக்கத் தெம்பு இருக்கும் வரைக்கும் ஒவ்வொரு வருஷமும் உங்களிடம் இறங்குவேன், யாரிடமும் மாடு கேட்காமல் ஏறுவேன். எனக்குத் தெம்பு போனால் பவானி முன்னால் நடப்பாள். நடை சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
கோவிந்தனின் அம்மா, பவானியின் ஆயா,
இன்றைக்கும் உங்கள் வீட்டுக்காரி
பட்டம்மாள்