தாப்பா இல்லக்கா

மே 6, திங்கள்

மேசைகளுக்கு அடியில் ஒட்டியிருந்த சூயிங்கம் இன்று மட்டும் பதினேழு. பழைய இரும்பு ஸ்கேலால் சுரண்டினேன். ஒன்று இன்னும் ஈரம் காயவில்லை. விரலில் ஒட்டிக்கொண்டது. சீ.

பல்கலைக்கழகத்தில் கோடை வகுப்புகள் தொடங்கிவிட்டன. முதல் மாடியில் மூன்று அறைகள். ஒன்றில் கதை, கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்கிறார்கள். அடுத்தது புள்ளியியல். கடைசி அறை மனித உரிமை. மூன்றையும் கூட்டித் துடைப்பது நானும் அத்தையும். எந்த அறைக் குப்பை எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எழுத்து வகுப்பில் கசக்கிய காகிதம். புள்ளியியலில் பென்சில் சீவல். மனித உரிமையில் பாதி குடித்த காபிக் கோப்பைகள், அதற்குள் மூக்குச் சிந்திய காகிதம்.

அவர்களுக்கு மாடியில் கழிப்பறை. எங்களுக்கு மாடிப்படிக்கு அடியில். கதவு இருக்கிறது, தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே காவல். அத்தை காவல் நின்றால் பாட்டு வேறு பாடுவாள். நான் வேலை முடிகிற நாலு மணி வரை தண்ணீரே குடிப்பதில்லை.

மே 8, புதன்

மாடிக் கழிப்பறை. இன்று பார்த்ததை எழுதினால் இந்தப் பக்கமே நாறும்.

மே 9, வியாழன்

மூன்று வகுப்பும் சேர்ந்து ஒரு பயிற்சியாம். கட்டடத்தில் வேலை செய்கிறவர்களிடம் பேசி எழுதிக்கொள்ள வேண்டும். எழுதியதை மூன்று வகுப்பும் பங்கு போட்டுக்கொள்ளும். என்னிடம் வந்தது எழுத்து வகுப்பு அக்கா, சிவப்புப் பைக்காரி.

"ஏம்மா படிப்ப நிறுத்திட்ட?"

இப்படி நேருக்கு நேர் யாரும் கேட்டதில்லை. ஆள் முன்னால் எனக்குக் குரல் வராது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "தாப்பா இல்லக்கா. அதான்."

அவள் கண் கலங்கிவிட்டது. பினாயில் வாடை அடிக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "போதும்மா. மேல சொல்ல வேணாம்."

தாழ்ப்பாளுக்காக அழுகிற ஆளும் உண்டா? இரண்டு வருடமாக வீட்டில்கூடச் சொல்லாதது. சொன்னதும் நெஞ்சு லேசாக இருந்தது.

மே 13, திங்கள்

என்ன ஆயிற்று இவர்களுக்கு? ஒருத்தி தன் பழைய சுடிதாரைக் கொண்டுவந்து தந்தாள். அக்குளில் மஞ்சள் கறை. இன்னொருத்தன் "தைரியமா இரும்மா" என்றான், சொல்லிக்கொண்டே வாழைப்பழத் தோலை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போனான்.

அத்தை கேட்டாள்: "என்னடி, உன்னக் கண்டாலே எல்லாரும் மூஞ்சியத் தொங்கப் போடுறாங்க? சீக்கு கீக்கு இருக்குன்னு சொல்லித் தொலைச்சியா?"

மே 14, செவ்வாய்

எழுத்து வகுப்புக் குப்பைக் கூடையில் கசங்கிய தாள். சிவப்புப் பைக்காரி கையெழுத்து. முதல் வரி: "'அப்பா இல்லக்கா' என்றாள் அந்தத் துடைப்பக்காரச் சிறுமி."

மூன்று முறை படித்தேன். பிறகுதான் புரிந்தது.

தாப்பா. நான் சொன்னது தாப்பா. என் வாய் முதல் எழுத்தை விழுங்கிவிட்டது. பள்ளிக்கூடத்து டீச்சரும் இதைத்தான் சொல்வார், உனக்கு வாய் எதுக்கு என்று.

ஓடிப்போய் மற்ற அறைகளைப் பார்த்தேன். மனித உரிமை அறைச் சுவரில் அட்டை: தந்தையை இழந்து கல்வி உரிமையும் இழந்த சிறுமி. புள்ளியியல் அறையில் வட்டம் வரைந்து வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். பொடியாக ஒரு கறுப்புத் துண்டு. தந்தை இறப்பு: 1.

என் அப்பா இந்த வளாகம் முழுக்கத் தண்ணீர் கேன் போடுகிறவர். ஒவ்வொரு வெள்ளியும் இந்தப் படியில்தான் ஏறுவார். காலையில் சட்டைப் பொத்தான் தைக்கச் சொல்லி என்னோடு சண்டை போட்டுவிட்டுப் போனார்.

அருவருப்பு. அவர்கள் மேல் மட்டுமா? என் மேலும்தான்.

மே 15, புதன்

அவளிடம் சொல்லப் போனேன். "அக்கா, அது வந்து, எங்கப்பா..." அவ்வளவுதான். கட்டிப் பிடித்துக்கொண்டாள். "தெரியும்மா. எல்லாம் தெரியும்." சென்ட் வாசனை மூக்கை அடைத்தது. என் வாயும் அடைத்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை நிறைவு விழா. எழுத்து வகுப்பு அறையில். அவள் அந்தக் கதையைப் படிக்கப் போகிறாள். அடுத்த வாரம் புத்தகமாக அச்சாகிறதாம்.

வெள்ளி. அப்பா வருகிற நாள்.

தப்பைத் திருத்த ஒரே வழி உண்மைக் காரணத்தைச் சொல்வது. அத்தனை பேர் முன்னால். ஒன்பதாம் வகுப்பில் நான் உள்ளே உட்கார்ந்திருந்தபோது கதவை இழுத்துத் திறந்துவிட்டு நாலு பேர் நின்று சிரித்ததை. அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியதை. பரீட்சையில் மயங்கி விழுந்ததை. அப்பாவிடம் "படிப்பு ஏறலப்பா" என்று பொய் சொன்னதை. அவர் பத்து நாள் என்னோடு பேசவில்லை.

செத்த அப்பாவாகவே இருக்கட்டும் என்று விட்டுவிடலாமா? ச்சே. என்ன யோசனை இது.

மே 16, வியாழன்

அத்தையிடம் சொல்லிவிட்டேன். துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எங்கண்ணன உயிரோட இருக்கும்போதே அனுப்பி வச்சிட்டாளுங்களா! இருடி, நான் போய் நாக்கப் புடுங்குற மாதிரி கேக்குறேன்."

"வேணாம் அத்தை. நானே சொல்றேன்."

சிரிப்பு நின்றது. "தாப்பாவுக்காகவா நிறுத்தின? எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடி."

அப்புறம் பாட்டே பாடவில்லை.

மே 17, வெள்ளி

எதுவும் மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

வேலைக்காரர்களைக் கடைசி வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். சிவப்புப் பைக்காரி கதை படிக்க ஆரம்பித்தாள். அப்பாவின் பிணம், மழை, ஒற்றைச் செருப்பு. எங்கிருந்து வந்தது அந்தச் செருப்பு? பாதியில் கதவு திறந்தது. தோளில் கேனோடு அப்பா. படிக்கிறார்களே என்று கேனை இறக்காமலே சுவரோரமாக நின்றார். நின்று கேட்டார். என் அப்பா அழுதார். தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த அத்தையிடம், "பாவம், யாரு பெத்த புள்ளையோ," என்றார்.

அதற்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்தேன். பேசத்தான் நினைத்தேன், குரல் வரவில்லை. தினமும் நான் துடைக்கிற பலகை. அதில் எழுதினேன்: *அப்பா இல்லை அல்ல. தாப்பா இல்லை.*

யாரோ சிரித்தார்கள். அப்போதுதான் குரல் வந்தது. "எங்கப்பா அதோ நிக்கிறாரு. கேன் வச்சிக்கிட்டு."

எல்லாத் தலையும் திரும்பியது. அப்பா ஒன்றும் புரியாமல் கும்பிட்டார்.

மனித உரிமை வகுப்பு எடுக்கும் தாடி சார் கேட்டார்: "தாப்பாவா? எதுக்குத் தாப்பா?"

"பள்ளிக்கூடக் கக்கூஸுக்கு சார். இங்க படிக்கட்டுக்கு அடியில எங்களுக்கு இருக்கே, அதுலயும் இல்ல."

புள்ளியியல் மேடம் பேனாவைத் திறந்து, "அப்ப அது 'மற்றவை'ல வரும்," என்றார்.

மே 18, சனி

அப்பா காலையிலிருந்து பேசவில்லை. மறுபடியும் பத்து நாளா என்று பயந்தேன். மத்தியானம் சாப்பிடும்போது, "நான் செத்ததுக்கு நானே அழுதிருக்கேன் பாரு," என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "உன்ன மக்குன்னு வேற திட்டினேனே."

மே 20, திங்கள்

தாடி சார் தாழ்ப்பாளுக்கு மனு எழுதித் தரச் சொன்னார். மூன்று பிரதி. குழு கூடிப் பார்க்குமாம். குழு எப்போது கூடும் என்று அவருக்கே தெரியவில்லை.

சிவப்புப் பைக்காரி வந்தாள். மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன். "இது அதவிட நல்ல கதைம்மா. நான் எழுதிக்கட்டுமா? பேர் போட மாட்டேன்."

"எழுதக் கூடாது. எழுதினா நான்தான் எழுதுவேன்," என்றேன். தரையைப் பார்க்காமல் சொன்னேன். மேசைக்கு அடியில் அவள் விரல் எதையோ ஒட்டிக்கொண்டிருந்தது.

மே 21, செவ்வாய்

அப்பா கிழமை மாறி வந்தார். கேன் இல்லை. கையில் திருப்புளி, நாலு திருகாணி, புது இரும்புத் தாழ்ப்பாள். யாரையும் கேட்கவில்லை. படிக்கட்டுக்கு அடியில் குந்தி உட்கார்ந்து கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார். "உள்ள போய்ப் போட்டுப் பாரு," என்றார். போட்டேன். வெளியே நின்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

காலை பத்து மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். பதினொன்றுக்கு இன்னொன்று.