ஊமைக் கீபோர்ட்

2008 ஏப்ரல் 2, புதன்

பேனையில் மை முடிந்துவிட்டதாம். எப்போது முடிந்தது என்று யாருக்கும் தெரியாது. போன புதன்கிழமையிலிருந்து நான் எழுதியதெல்லாம் வெறுந்தாள். இவர்தான் கொப்பியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "பத்மா, இதிலை ஒண்டுமே இல்லையப்பா."

ஒரு கிழமை முழுக்க வெறுந்தாளில் யாரையோ திட்டியிருக்கிறேன். யாரை, எதற்கு? மறந்துபோனேன். அவர்களுக்கு நல்ல காலம்.

கண்ணில் அழுத்தம் ஏறி, பார்வை முழுதாகப் போய் மூன்று வருடம். இவர் சேலைப்பெட்டி மட்டையில் வரிவரியாகப் பிளவு வெட்டித் தந்தார். அந்தப் பிளவுக்குள் பேனையை ஓட்டி எழுதுகிறேன். எழுதலாம், வாசிக்க ஏலாது. இப்படி ஒரு நாட்குறிப்பு உலகத்தில் வேறு யாரிடமும் இருக்குமா?

இவர் வாசிப்பதில்லை. ஒருநாள் கேட்டேன். "உன்ரை கொப்பியிலை எனக்கென்ன வேலை?" என்றார். ஸ்ரீஸ்கந்தராசா மாஸ்டர் ஏதாவது மறைத்தால் குரல் ஒரு கட்டை இறங்கும். அன்றைக்கு இறங்கவில்லை.

ஏப்ரல் 3

கிறீச், கிறீச். இவர் பேப்பர் ஓரத்தில் பேனையை ஓட்டிப் பார்க்கிறார். இனி நாளாந்தம் இந்தச் சோதனை உண்டாம். கணித வாத்தியார் அல்லவா.

ஏப்ரல் 9

யோசப்பினுக்கு அடுத்த வருடம் பெப்ரவரியோடு இடமாற்றம். கந்தோரில் ஆங்கிலச் சுற்றறிக்கைகளை அவள் வாசிக்க, நான் தமிழில் சொல்ல, அவளே எழுதிக்கொள்வாள். மூன்று வருடமாக மொழிபெயர்ப்பாளர் பத்மாதேவி என்றால் இரண்டு பேர். இனி?

மேலதிகாரி அபேரத்ன ஐயா கூப்பிட்டார். நல்ல மனுஷன். அதுதான் கஷ்டம். "மிஸிஸ் பத்மாதேவி, ஓய்வு எடுத்தால் என்ன? மருத்துவச் சபைக்கு எழுதிவிடுகிறேன்" என்றார். தனியாக வேலை செய்து காட்டினால்? என்றேன். எப்படி என்று கேட்டார். எனக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். சிரித்தார். பெப்ரவரி வரைக்கும் பொறுப்பதாகச் சொன்னார்.

ஓய்வு எடுத்து என்னத்தைச் செய்யிறது? கதிரையிலை குந்தி இருந்து மழைச் சத்தம் கேக்கிறதோ? மண்சரிவு எச்சரிக்கை தமிழில் போகாமல் கிடந்தால் தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்து லயத்துச் சனத்துக்கு யார் சொல்லுவினம்?

ஏப்ரல் 26, சனி

இன்று கண்டதை — கேட்டதை — எப்படி எழுதுவது!

கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டி ஒரு வீடு. ஹிதாயா என்ற பிள்ளை, பிறவியிலேயே பார்வை இல்லாதவள். எங்களைப் போன்ற ஆட்களுக்குக் கணினி பழக்குகிறாள். கணினிக்குள் ஒரு குரல் இருக்கிறது. திரையில் இருப்பதை வாசிக்கும். கீபோர்டில் எந்தக் கட்டளையை அழுத்தினாலும் விடை சொல்லும். இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினாள், குரல் நேரத்தைச் சொன்னது. இன்னும் இரண்டு, ஒரு பக்கம் முழுவதையும் வாசிக்கத் தொடங்கியது. கண்ட்ரோல் விசையைத் தொட்டாள், கப்சிப்.

நான் மவுஸைத் தேடித் தடவினேன். "அது நமக்கு எதுக்கு மிஸ்? உம்மா அத அலுமாரிக்குள்ள போட்டு வெச்சீக்கி" என்றாள்.

இவர் திடீரென்று என் தோளைப் பிடித்தார். "பத்மா, திரை எரியேல்லை. கறுப்பாய்க் கிடக்குது. அந்தப் பிள்ளை அதுக்குள்ளை வாசிச்சுக்கொண்டிருக்குது!"

ஹிதாயா சிரித்தாள். "கரண்ட் மிச்சம் தானே சேர்."

வரும் வழியெல்லாம் பஸ்ஸில் இவர் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். கறுப்புத் திரை, கறுப்புத் திரை. கண் உள்ள மனுஷனுக்கே அப்படியென்றால் எனக்கு எப்படி இருக்கும்?

மே 17

எங்களிடம் கணினி இல்லை. ஹிதாயா ஒரு பழைய கீபோர்டைத் தந்துவிட்டாள். விரல் பழகட்டுமாம். சாப்பாட்டு மேசையில் வைத்துத் தட்டுகிறேன். ஊமைக் கீபோர்ட்.

இவருக்குப் பொறுக்கவில்லை. எதிரே கதிரையைப் போட்டு உட்கார்ந்து, "நான்தான் உன்ரை கொம்பியூட்டர்" என்றார். ஹிதாயா சொல்லித் தந்ததையெல்லாம் கலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். நான் அழுத்துவதைப் பார்த்து, அந்த இயந்திரக் குரலிலேயே விடை சொல்கிறார். தலைப்பு. அடுத்த பந்தி. மேசைத்திரை. பிழையாக அழுத்தினால் "டிங்!" என்கிறார். இன்றைக்கு எத்தனை டிங்! கடைசியில் கண்ட்ரோலை அழுத்தினேன். வாயை மூடிவிட்டார். கல்யாணம் முடித்து இத்தனை வருடத்தில் இப்படி ஒரு விசை எனக்குக் கிடைக்கவில்லையே!

ஜூன் 6

பொல்கொல்லையில் பஸ்ஸில் குண்டு. இவர் வந்து சேரும் வரை வாசலில் நின்றேன்.

ஜூன் 7, சனி

இவர் போகவேண்டாம் என்றார். நான் போவேன் என்றேன். போனோம்.

பாலத்தடியில் எல்லோரையும் இறக்கிச் சோதனை. அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று இருந்தால் அது தனி வரிசை. என் பையில் துவாயில் சுற்றிய கீபோர்ட். கணினி எங்கே என்று சிப்பாய் கேட்டான். இல்லை. இல்லாவிட்டால் இது எதற்கு? பழகுவதற்கு. கண் தெரியாத ஆள், கணினி இல்லாமல் கணினி பழகுகிறாள் என்று இவர் சிங்களத்தில் விளங்கப்படுத்தினார். எங்களுக்கே அது பச்சைப் பொய் மாதிரிக் கேட்டது.

அவன் நம்பவில்லை. பெரியவனைக் கூப்பிட்டான். இவரைக் கொண்டுபோனால் என்ன செய்வேன்? பேசாமல் கீபோர்டை வாங்கி, அங்கே இருந்த மணல் மூட்டையின் மேல் வைத்துத் தட்டத் தொடங்கினேன். தட்டத் தட்ட இவரும் — பயத்தில் பழக்கதோஷமாக — "தலைப்பு. அடுத்த பந்தி. டிங்!" என்றார்.

பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு சிப்பாயும் சிரித்தான். போகச் சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் ஏறிய பிறகு இவருடைய கையைப் பிடித்தேன். சில்லிட்டுப் போயிருந்தது.

ஆகஸ்ட் 23

இன்று ஹிதாயா வீட்டுக் கணினியில் ஒரு சுற்றறிக்கையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நானே வாசித்தேன். பக்கத்தில் யோசப்பின் இல்லை, இவர் இல்லை. விளங்காத இடத்துக்குத் திரும்பிப் போனேன். மூன்று தரம் போனேன். யாரும் அலுத்துக்கொள்ளவில்லை. இதற்காக அழலாமா? அழுதேன்.

குரல் திடீரென்று நின்றுபோனது. இது காசு கொடுத்து வாங்காத பரீட்சார்த்தப் பிரதியாம். கொஞ்ச நேரம் பேசிவிட்டு மௌனமாகிவிடும். கணினியை நிறுத்தி மீண்டும் எழுப்பினால் பேசும். "அதுக்கும் ரெஸ்ட் வேணும் தானே மிஸ்" என்கிறாள் ஹிதாயா.

அதன் பிறகு கேட்டேன், தமிழ்?

"தமிழ் அதுக்குத் தெரியாது மிஸ்."

அப்படியென்றால்? ஆங்கிலத்தைக் கேட்டுத் தமிழில் தட்டச்சு செய்யலாம். யாழ்ப்பாணத்தில் பழகிய தமிழ்த் தட்டச்சு விரலில் இன்னும் இருக்கிறது. ஆனால் தட்டியது சரியா பிழையா என்று எனக்கு எப்படித் தெரியும்? திரும்பவும் வெறுந்தாள்தான். மை இருக்குதோ இல்லையோ தெரியாமல் எழுதிற பிழைப்பு. போதும். இன்றைக்கு எழுத மனமில்லை.

செப்டெம்பர் 13, சனி

நடந்தது இது.

கோபத்தில்தான் தொடங்கினேன். ஹிதாயாவின் கணினியில் பாமினி எழுத்துருவைப் போட்டிருந்தார்கள், எங்கள் கந்தோரில் இருப்பதுபோல். தட்டச்சு வகுப்பின் முதல் பாடத்தை அடித்தேன். இடது கை விரல்கள் வரிசையாக, ய ள ன க ப. இது என்ன சொல்லப்போகிறது, ஒன்றும் சொல்லாது என்று நினைத்துக்கொண்டு, வரியின் தொடக்கத்துக்குத் திரும்பிப் போய், அம்புக்குறி விசையால் ஒவ்வொரு எழுத்தாக நடந்தேன்.

ஏ, என்றது குரல். எஸ். டி. எஃப். ஜி.

கை நின்றுவிட்டது.

திரையில் தெரிவதுதான் தமிழ். கணினியின் வயிற்றுக்குள் இருப்பது அந்த விசையின் ஆங்கில எழுத்து. குரலுக்குத் திரையின் வடிவம் தெரியாது, வயிற்றில் இருப்பதைச் சொல்கிறது. அது எஃப் என்றால் என் விரலுக்கு அது க. ஜி என்றால் ப. ஒவ்வொரு விசையும் என் விரலில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியுமே!

என் பெயரை அடித்தேன். திரும்பி வந்தேன். ஜி. ஜே. செமிகோலன். கே. எச்.

ப. த. புள்ளி. ம. அரவு. பத்மா.

ஆங்கிலக்காரன் குரலில், ஒன்றுமே விளங்காமல், என்னுடைய பெயரை எனக்கு வாசித்துக் காட்டியது. மூன்று வருடத்துக்குப் பிறகு தமிழில் ஒரு சொல்லை நானே வாசித்தேன். இவரை வாசிக்கச் சொன்னேன், சரியா என்று பார்க்க. "பத்மா" என்றார். பிறகும் ஒருமுறை "பத்மா" என்றார். அது திரையைப் பார்த்து வாசித்தது அல்ல.

இதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. எழுத்துருவைச் செய்தவர்கள் எங்களை நினைத்துச் செய்யவில்லை. குரலைச் செய்தவர்களுக்குத் தமிழ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. இடையில் இருந்தது யளனகப மட்டும்.

ஒக்டோபர் 11

இப்போது ஹிதாயாவுக்கு நான் தமிழ்த் தட்டச்சு பழக்குகிறேன். அவளுக்குப் பிரெயில் புள்ளியெழுத்தில் மட்டுமே தமிழ் தெரியும். கண் தெரிந்தவர்கள் வாசிக்கிற தமிழை ஒருநாளும் எழுதியதில்லை.

இன்று ஒரு சொல் அடித்துவிட்டு, "உம்மா, திரையப் போட்டுப் பாருங்க" என்று கூப்பிட்டாள். தாய் ஹபீலா குசினியிலிருந்து வந்தார். திரையைப் போட்டார்.

"பிழையா உம்மா?"

"இல்ல மகள். 'உம்மா'ன்டு எழுதி ஈக்கி."

அதன் பிறகு எங்களுக்குப் பிளேன்டீ வர வெகுநேரமாயிற்று.

2009 ஜனவரி 5, திங்கள்

கந்தோரில் ஒருவர் என் உள்ளங்கையில் ஒரு துண்டு பாற்சோறு வைத்தார். யாருடையதோ பிறந்தநாள் என்று வாயில் போட்டேன். விழுங்கிய பிறகுதான் சொன்னார்கள், கிளிநொச்சி பிடிபட்டதுக்காம். என்னத்தைச் செய்ய? துப்பவோ? அங்கை சனம் எந்த மரத்துக்குக் கீழை கிடக்குதோ. ஒண்டும் சொல்லாமல் தண்ணி குடிச்சிட்டு வந்து இருந்தன்.

பெப்ரவரி 19, வியாழன்

இன்றுதான் அந்த நாள். அபேரத்ன ஐயாவும் தலைமையகத்திலிருந்து வந்த இருவரும் என் கதிரைக்குப் பின்னால் நின்றார்கள். மண்சரிவு எச்சரிக்கை, ஆங்கிலத்தில். தமிழாக்க வேண்டும். ஹிதாயா தந்த பிரதி கணினியில் ஓடியது. காதில் குரல். கேட்டேன், தமிழ்ப் பக்கத்துக்குப் போனேன், அடித்தேன், திரும்பி வந்தேன். இந்தப் போக்குவரத்துக்கு இரண்டு விசைகள் போதும்.

கடைசிப் பந்தியைக் கேட்டு முடிக்கவும் குரல் செத்தது.

பரீட்சார்த்தப் பிரதி! வேறு நேரம் கிடைக்கவில்லையா அதற்கு? பின்னால் நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. காதில் குரல் இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்திச் சொல்லலாம். சொன்னால், பார்த்தீர்களா, இயந்திரத்தை நம்ப முடியாது என்பார்கள்.

நிறுத்தவில்லை. சாப்பாட்டு மேசை என்று நினைத்துக்கொண்டேன். எதிரே இவர் இருக்கிறார். தமிழ்ப் பக்கம், என்றார். அடித்தேன். "வெடிப்புகள் தென்பட்டால் லயங்களை விட்டு உடனே வெளியேறவும்." சேமி, என்றார். சேமித்தேன். ஒரு டிங் கூட இல்லை.

பிறகு விசைகளாலேயே கணினியை நிறுத்தி எழுப்பினேன். குரல் வந்தது. ஹெட்போனைக் கழற்றி, எல்லோருக்கும் கேட்க, எழுத்து எழுத்தாக என் தமிழை வாசித்தேன். எஃப், இசட், செமிகோலன், பி... கண்டி. ஓர் இடத்தில் ஒரு புள்ளி விடுபட்டிருந்தது. அவர்கள் யாரும் கவனிக்கவில்லை. நான் திருத்தினேன். யோசப்பின் திரையைப் பார்த்து உரக்க வாசித்தாள்.

அபேரத்ன ஐயா சிங்களத்தில், ஹரிம புதுமய், ஹரிம புதுமய் என்றார். சரியான அதிசயம் என்று அர்த்தம். எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஐயா. இன்னும் அப்படித்தான் இருக்கிறது. மருத்துவச் சபைக்கு எழுத மாட்டாராம்.

வீட்டுக்கு வந்து குரல் செத்த கதையைச் சொன்னேன். "அப்ப யார் கதைச்சது?" என்று கேட்டார். "நீங்கள்தான்" என்றேன்.

மே 20

யுத்தம் முடிந்ததற்காக விடுமுறை. வீதியெல்லாம் வெடி. கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம்.

மே 31, ஞாயிறு

இது மட்டை இல்லாமல் எழுதுவது. இவருடைய பழைய மாணவன் ஒருவன் தன் கணினியைத் தந்துவிட்டுப் போயிருக்கிறான். சாப்பாட்டு மேசையில் வைத்திருக்கிறோம். ஊமைக் கீபோர்டைத் துவாயில் சுற்றி அலுமாரியில் வைத்தேன். எறிய மனம் வரவில்லை. திரை கறுப்பாகவே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். எனக்கு அது பழகிவிட்டது.

சற்று முன் அடுத்த அறையில் கிறீச், கிறீச் என்று கேட்டது. பேப்பர் ஓரத்தில் பேனை.

"இஞ்சாருங்கோ, இண்டைக்குப் பேனை வேண்டாம்" என்றேன்.

சத்தம் நின்றது. "ஓ... ஓம் என்ன" என்றார். குரல் ஒரு கட்டை இறங்கியிருந்தது.

பிறகு வந்து, பேனையைக் கீபோர்டுக்குப் பக்கத்தில், வழக்கமாக என் கை போகிற இடத்தில் வைத்தார். "மை இருக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பேனை இங்கேதான் இருக்கிறது. தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

கண்ட்ரோலையும் ஹோமையும் சேர்த்து அழுத்தினால் இந்தப் பக்கத்தின் முதல் எழுத்துக்குப் போகலாம். போய், இன்று நான் எழுதியதை நானே வாசிக்கப் போகிறேன்.