சந்தனத்துக்கு அடியில் எரிந்த விளக்கு

சிவகாசி
ஐப்பசி 3, 1986

அம்மாவுக்கு மகள் கொளஞ்சி வணங்கி எழுதுவது. ஆலந்துறையார் கிருபையில் நாங்கள் இருவரும் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? என் பூங்கொடிக்கு இருமல் நின்றதா?

பயப்படும்படி ஒன்றுமில்லை, ஒரு சின்ன சங்கதி. ஆயுத பூஜைக்கு உங்கள் மருமகன் வேலை பார்க்கும் பிரஸ்ஸுக்குப் போயிருந்தேன். அவர் ஓட்டும் புது மிஷினில் வரிசையாகக் கலர் விளக்குகள். மை குறைந்தால் மஞ்சள் எரியும், மையோடு ஓடும் தண்ணீர் கூடிப் படம் வெளுக்கப் போனால் சிவப்பு எரியும். "நீயே பொட்டு வையி தங்கச்சி" என்றார் போர்மேன். ஆசையாக ஒவ்வொரு விளக்கின் மேலும் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தேன்.

மறுநாள் சாமிப் பொட்டைத் துடைக்க யாருக்கும் மனசு வரவில்லை. சந்தனத்துக்கு அடியில் சிவப்பு எரிந்தது தெரியவே இல்லை. முருகன் காலண்டர் அத்தனையிலும் மயில் வெளுத்துப்போய் வந்துவிட்டது.

"எவன்டா வெளக்க மூடிப் பொட்டு வெச்சவன்?" என்று முதலாளி கத்தினாராம். "நான்தாங்க" என்றிருக்கிறார் இவர். மிஷினை விட்டு இறக்கி, பேப்பர் வெட்டும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். "வுடு புள்ள, சாமிக்குத்தான வெச்ச" என்றார் என்னிடம்.

மிஷின்மேனுக்குத் தரும் வீடு கிடைத்ததும், தீபாவளிக்குப் பூங்கொடியை அழைத்துக்கொள்வதாக இருந்தோம். அந்த வீடு இனி இல்லை. இந்த அறையில் பிள்ளையை வைத்துக்கொள்ள வீட்டுக்காரர் விடமாட்டார்.

அவள் உயரத்துக்கு ஒரு நூல் அளந்து கடிதத்தில் வைத்து அனுப்புங்கள், கவுன் தைக்கிறேன். ஜூன் மாதம் அங்கேயே ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிடுங்கள். அழுதால், அம்மாதான் வேண்டாமென்று சொன்னாள் என்று சொல்லுங்கள். அப்பா மேல் அவளுக்குக் கோபம் வரக் கூடாது.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

கொளஞ்சி